கூட்டல் தப்பா, தீர்ப்பு தப்பா? மதிப்பெண் குறித்த கேள்வி பதில்

பல வருடம் கல்லூரியில் பாடம் எடுத்தேன். அதில் கொஞ்ச காலம் மதிப்பெண் முறையீட்டுக் குழுவிலும் உட்கார்ந்திருக்கிறேன். ரிசல்ட் வந்ததும் குவிந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

70 எதிர்பார்த்தேன், 52 வந்திருக்கிறது. மறுமதிப்பீடு போடலாமா மேடம்?

முதலில் விடைத்தாளைப் பாருங்கள். பார்க்காமல் போடும் மறுமதிப்பீடு லாட்டரிச் சீட்டு மாதிரி.

தாளில் இரண்டு விதமான தவறு இருக்கலாம். ஒரு பக்கம் திருத்தாமல் விட்டுப்போயிருக்கும். உள்ளே 8 போட்டு முகப்பில் 3 என்று ஏறியிருக்கும். இணைத்துக் கட்டிய கூடுதல் தாள் கழன்று போயிருக்கும். அகமதிப்பெண் சேர்ந்தே இருக்காது. இதெல்லாம் நடைமுறைத் தவறு, காட்டினால் யாராலும் மறுக்க முடியாது. மறுகூட்டலே போதும். இன்னொரு விதம், "இந்தப் பதிலுக்கு 6 குறைவு, 9 தந்திருக்கணும்" என்பது. அது திருத்தியவரின் தீர்ப்பு. அதை மாற்றுவது எங்கேயும் கஷ்டம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மாணவர் புகார்களை விசாரிக்கத் தனி அமைப்பே இருக்கிறது. ஆனால் கல்வி சார்ந்த தீர்ப்பை அது தொடக்கூடாது என்று 2004ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லிவிட்டது. அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி மாணவர் தன் பதிவேட்டில் உள்ள பிழையைத் திருத்தக் கேட்கலாம். தவறாக ஏறிய மதிப்பெண் அதில் அடங்கும், "எனக்கு இன்னும் அதிகம் தகும்" என்ற வாதம் அடங்காது.

அதனால் உங்கள் 18 மதிப்பெண் எந்தப் பக்கம் போனது என்று முதலில் கண்டுபிடியுங்கள்.

விடைத்தாளைக் காட்ட மாட்டேன் என்கிறார்கள். கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா?

பல நாடுகளில் இருக்கிறது. திருத்திய விடைத்தாள் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் வரும் ஒரு தகவல்தான், மாணவர் அதைப் பார்க்கலாம், நகலும் வாங்கலாம் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. திருத்தியவர் பெயரை மட்டும் தர வேண்டியதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2017இல் இன்னொரு வழியில் வந்தது: தேர்வில் எழுதிய பதிலும் ஓரத்தில் ஆசிரியர் எழுதிய குறிப்பும் மாணவரின் தனிப்பட்ட தரவு, அதைப் பார்க்கவும் அதில் உள்ள பிழையைத் திருத்தக் கேட்கவும் அவருக்கு உரிமை உண்டு என்றது. கையோடு, அந்த உரிமையை வைத்துத் தப்பான பதிலைப் பிறகு திருத்திக்கொள்ள முடியாது என்றும் சொல்லி வைத்தது. (யாரோ கேட்டிருப்பார்கள் போல!)

ஒன்றை மறக்காதீர்கள். விடைத்தாள்களை ஒரு குறிப்பிட்ட காலம் வரைதான் வைத்திருப்பார்கள், அப்புறம் அழித்துவிடுவார்கள். அழித்த தாளை எந்தச் சட்டத்தாலும் காட்ட வைக்க முடியாது.

அதே பதில்தான் என் நண்பனும் எழுதினான். அவனுக்கு 9, எனக்கு 6. இதையே காரணமாக எழுதலாமா?

உங்கள் வருத்தம் நியாயம்தான். 1912இல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வாளர்கள் ஒரே ஆங்கில விடைத்தாளை நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களிடம் கொடுத்துத் திருத்தச் சொன்னார்கள். 64இல் தொடங்கி 98 வரை போட்டிருந்தார்கள். சரி, கணிதத்தில் இப்படி நடக்காது என்று சிலர் வாதாட, அடுத்த வருடம் வடிவியல் தாளைக் கொடுத்தார்கள். வித்தியாசம் இன்னும் அதிகமானது.

ஆனாலும் நண்பன் தாளை இழுக்காதீர்கள். குழுவில் எங்களுக்கு வரும் முதல் சந்தேகம், அந்த 9 அதிகமோ என்பதுதான். விடைக்குறிப்போடு ஒப்பிடுங்கள். "குறிப்பில் நான்கு புள்ளிகள் உள்ளன, நான்கும் என் பதிலில் இந்த இந்த வரிகளில் இருக்கின்றன, இரண்டுக்குத்தான் மதிப்பெண் தந்திருக்கிறார்கள்" என்று எழுதினால், தீர்ப்பு பற்றிய சண்டை நடைமுறைத் தவறாக மாறிவிடும். எங்கள் குழுவில் ஜெயித்த மனுக்களில் பெரும்பாலானவை இப்படி எழுதப்பட்டவைதான்.

82 வாங்கியும் பி கிரேடுதான். ஏன்?

வகுப்பில் மற்றவர்கள் எப்படி எழுதினார்கள் என்பதைப் பொறுத்துக் கிரேடு போடும் முறை உங்களுடையது. அதில் 82 என்பதற்குத் தனி அர்த்தம் இல்லை. உங்களுக்கு மேலே எத்தனை பேர் என்பதுதான் கணக்கு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 2004இல் ஏ வகைக் கிரேடுகள் 35 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்று ஒரு வழிகாட்டுதல் வைத்தது. அதை உச்சவரம்பாகவே எடுத்துக்கொண்ட மாணவர்களுக்கு மன அழுத்தம்தான் மிச்சம். 2014இல் கைவிட்டார்கள். என்னைக் கேட்டால், சின்ன வகுப்புகளில் இந்த முறையே கூடாது. ஆனால் பாடத் திட்டத்தில் முன்பே எழுதியிருந்தால் எதிர்க்க வழியில்லை. செமஸ்டர் நடுவில் மாற்றியிருந்தால் தாராளமாக எதிர்க்கலாம்.

மறுமதிப்பீட்டில் மதிப்பெண் குறையுமா?

சில இடங்களில் குறையும். விண்ணப்பத்தின் விதிகளில் "இரண்டில் அதிகமானது" என்றிருக்கிறதா, "பிந்தையதே இறுதி" என்றிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது என்றால், ஒரு மதிப்பெண்ணில் பாஸ் ஆனவர் யோசித்துப் போடணும்.

சாருக்கு என்னைப் பிடிக்காது. அதனால்தான் குறைத்துவிட்டார். எப்படி நிரூபிப்பது?

பிடிக்காது என்பதை நிரூபிக்க முடியாது, அதை எழுதவும் வேண்டாம். என்ன நடந்தது என்பதை எழுதுங்கள்: தேதி, சொன்ன வார்த்தை, உடன் இருந்தவர்கள். தாளில் மாணவர் பெயர் தெரியாமல் திருத்தப்பட்டிருந்தால் உங்கள் வாதம் அங்கேயே விழுந்துவிடும், அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். வேறொருவர் திருத்தட்டும் என்று கேட்பது மட்டும் எப்போதும் சரியான கோரிக்கை.

நானே எழுதிய கட்டுரையை ஏஐ எழுதியது என்று பூஜ்யம் போட்டுவிட்டார்கள்.

இது மதிப்பெண் பிரச்சினையே இல்லை, ஒழுங்கு நடவடிக்கை. மறுமதிப்பீட்டுக்கு அலையாதீர்கள். குற்றச்சாட்டை எழுத்தில் கேளுங்கள், விசாரணை கேளுங்கள். கண்டுபிடிக்கும் மென்பொருள் காட்டிய சதவீதம் மட்டும் ஆதாரமாகாது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே ஏஐ எழுதியதைக் கண்டறியும் தன் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. உங்கள் பக்கம் வரைவுகள், கோப்பின் திருத்த வரலாறு, படித்த குறிப்புகள் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

அப்பாவை அழைத்துக்கொண்டு போய்ப் பேசலாமா?

வேண்டாம் தம்பி.

கடிதம் எப்படித் தொடங்குவது? பயமாக இருக்கிறது மேடம்.

பயப்பட ஒன்றுமில்லை அம்மா. "4ஆம் கேள்வியின் இரண்டாம் பகுதி திருத்தப்படவில்லை என்று நினைக்கிறேன், சரிபார்க்க வேண்டுகிறேன்" என்று நேராகத் தொடங்குங்கள். உழைப்பு, குடும்பம், ஸ்காலர்ஷிப் எதுவும் வேண்டாம். படிக்கும்போது மனசு கலங்கும், ஆனால் அதற்கு மதிப்பெண் போட எங்களுக்கு விதி இல்லை. ஒரு பக்கம் போதும். முதலில் பாட ஆசிரியருக்கு, பதில் வராவிட்டால் துறைத் தலைவருக்கு, அப்புறம்தான் குழுவுக்கு. ஆசிரியரின் பதிலுக்காகக் காத்திருக்கும்போதே குழுவின் கடைசித் தேதி போய்விடும், அந்தத் தேதியை இன்றே பார்த்து வையுங்கள்.