முதல் சீட்டா, இரண்டாவது சீட்டா?

கேள்வி: எங்கள் மகனுக்கு வயது 29. கோயம்புத்தூரில் வேலை. திருநெல்வேலிப் பக்கம் ஒரு பெண் பார்த்தோம். நர்ஸ், நல்ல விசுவாசக் குடும்பம். பையனுக்கும் பெண்ணுக்கும் பிடித்திருக்கிறது. கர்த்தருடைய சித்தத்தை அறியக் குடும்பமாக மூன்று நாள் உபவாசமிருந்து, ‘செய்யலாம்’, ‘வேண்டாம்’ என்று இரண்டு சீட்டு எழுதி வேதாகமத்துக்குள் வைத்து, பேத்தியை எடுக்கச் சொன்னோம். ‘வேண்டாம்’ என்று வந்தது. மனசு கேட்காமல் அடுத்த வாரம் மறுபடி போட்டோம். ‘செய்யலாம்’ என்று வந்தது. இதில் எதை எடுத்துக்கொள்வது? பெண் வீட்டாருக்கு ஒரு மாதமாகப் பதில் சொல்லவில்லை. ‘சீட்டு மடியிலே போடப்படும், காரியசித்தியோ கர்த்தரால் வரும்’ என்று வேதமே சொல்லுகிறதே?
– பெயர் வெளியிட விரும்பாத ஒரு தகப்பன்

பதில்: மூன்றாவது தரம் போடாமல் எனக்கு எழுதினீர்களே, அதற்கு முதலில் நன்றி. போட்டிருந்தால் மூன்றில் இரண்டு யாருக்கு என்று எண்ணிக்கொண்டு இருந்திருப்பீர்கள்.

ஐயா, ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். முதல் சீட்டு கர்த்தருடைய பதில்தான் என்று நம்பியிருந்தால் இரண்டாவது சீட்டை எழுதியிருப்பீர்களா? முதலாவதை நம்பாத உங்களுக்கு இரண்டாவதை நம்ப என்ன ஆதாரம் இருக்கிறது, பிடித்த பதில் வந்தது என்பதைத் தவிர? கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பதை மூடநம்பிக்கை என்று நம் பிரசங்கபீடங்களில் எத்தனை தரம் சொல்லியிருக்கிறோம்! பூ இருந்த இடத்தில் காகிதத்தை வைத்துவிட்டால் அது விசுவாசமாகிவிடுமா?

நீங்கள் காட்டிய வசனம் நீதிமொழிகள் 16:33. வேதத்தில் சீட்டு இருக்கிறது, மறுக்கவில்லை. யோசுவா காலத்தில் தேசத்தைச் சீட்டுப் போட்டுத்தான் பங்கிட்டார்கள். யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தெரிந்தெடுத்ததும் சீட்டால்தான் (அப்போஸ்தலர் 1). ஆனால் அங்கே சீட்டுக்கு முன்னால் நடந்ததைப் பாருங்கள். ஆரம்பமுதல் இயேசுவோடு இருந்தவர் யார் யார் என்று விசாரித்து, தகுதியுள்ள இரண்டு பேரை நிறுத்தி, அதற்கப்புறம்தான் சீட்டு. அதுவும் ஒரே தரம். பரிசுத்த ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே நாளுக்குப் பிறகு சபை சீட்டுப் போட்டதாக அப்போஸ்தலர் நடபடிகளில் எங்கேயும் இல்லை. பந்தி விசாரிக்க ஏழு பேர் தேவைப்பட்டபோது சபை கூடித் தெரிந்தெடுத்தது. எருசலேம் ஆலோசனைக் கூட்டத்தில் காரசாரமாகப் பேசி முடித்து, ‘பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும்’ நலமாய்க் கண்டது என்று கடிதம் எழுதினார்கள். அந்த ‘எங்களுக்கும்’ என்ற வார்த்தையை வாசித்தீர்களா? ஆவியானவர் அவர்களுடைய புத்தியை வெளியே விட்டுவிட்டு வரச் சொல்லவில்லை.

நீங்கள் தனியாள் இல்லை. மெதடிஸ்ட் சபைகளின் தகப்பன் ஜான் வெஸ்லியே கல்யாணத்துக்குச் சீட்டுப் போட்டவர்தான். 1737 மார்ச், அமெரிக்காவில் ஜார்ஜியாவின் சவன்னா ஊர். சோஃபி ஹாப்கி என்ற பெண்மேல் மனது இருந்தது, முடிவெடுக்கத் துணிவில்லை. ‘கல்யாணம் செய்’, ‘இந்த வருஷம் யோசிக்காதே’, ‘இனி யோசிக்கவே யோசிக்காதே’ என்று மூன்று சீட்டு. சிநேகிதர் ஒருவர் எடுத்தார். மூன்றாவது வந்தது. சில நாளிலேயே அந்தப் பெண் வேறொருவரைக் கல்யாணம் செய்துகொண்டார். விஷயம் அதோடு முடிந்ததா? ஆகஸ்டில் வெஸ்லி அந்தப் பெண்ணுக்கு நற்கருணை கொடுக்க மறுத்தார். வழக்கு வந்தது, ஊர் இரண்டுபட்டது, டிசம்பரில் ஊரைவிட்டே புறப்பட்டுப் போனார். சீட்டு அவருக்குப் பதில் சொன்னது, சரி. மனதுக்குள் கிடந்ததை அது தொடக்கூட இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது எழுதுவார்கள். 1739இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் ஊருக்கு ஊழியத்துக்குப் போகலாமா என்று பார்க்க வெஸ்லியும் சிநேகிதர்களும் வேதாகமத்தைத் திறந்து பார்த்தார்கள். மலையில் ஏறி அங்கே மரித்துப்போ என்று மோசேக்குச் சொன்ன வசனம் வந்தது! அப்புறம் சீட்டுப் போட்டார்கள். ‘போகலாம்’ என்று வந்தது. போனார், பெரிய எழுப்புதல் உண்டாயிற்று. ஆக, சீட்டு பலித்ததே என்பீர்கள். அப்படியானால் திறந்த பக்கம்? வெஸ்லி 1791 வரை, 87 வயதுவரை இருந்தாரே. (நானும் பரீட்சைக் காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு வேதாகமத்தைத் திறந்தவன்தான். நாளாகமத்தின் வம்ச வரலாறு வந்தது. இன்றுவரை அதற்கு அர்த்தம் கண்டுபிடிக்கவில்லை.)

கல்யாணத்துக்கு அடையாளம் என்றால் எல்லாரும் ஆதியாகமம் 24ஐக் காட்டுவார்கள். காட்டட்டும், முழுதாக வாசித்துவிட்டுக் காட்டட்டும். ஈசாக்குக்குப் பெண் பார்க்கப் போன ஆபிரகாமின் ஊழியக்காரன் கேட்ட அடையாளம் என்ன? தண்ணீர் கேட்டால் எனக்கும் கொடுத்து, ஒட்டகங்களுக்கும் வார்க்கிறேன் என்று சொல்லுகிற பெண். அவன் கொண்டுபோனது பத்து ஒட்டகம். முன்பின் தெரியாத வழிப்போக்கனுடைய பத்து ஒட்டகத்துக்குத் துரவிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றுகிற பெண்ணின் குணம் எப்படிப்பட்டது என்று சொல்லவும் வேண்டுமா? ஜெபித்துவிட்டு அவன் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. அவள் செய்வதையெல்லாம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தான். எந்த வீட்டுப் பெண் என்று விசாரித்தான். இத்தனைக்கும் பிறகு, புறப்படுகிற அன்று அந்தப் பெண் ரெபெக்காளைக் கூப்பிட்டு இவனோடு போகிறாயா என்று கேட்டார்கள். ‘போகிறேன்’ என்றாள். அடையாளம் கிடைத்தாயிற்றே, இவளை ஏன் கேட்க வேண்டும் என்று அந்த வீட்டில் யாரும் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் அந்தக் கேள்விக்குப் பையனும் பெண்ணும் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டார்கள். அதைப் பேத்தியின் கையில் கொடுத்து மறுபடி கேட்டிருக்கிறீர்கள்.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். உங்களுக்குக் கர்த்தருடைய சித்தம் தெரியாமல் இல்லை. பயம். நாளைக்குப் பிள்ளைகளுக்குள் ஏதாவது மனஸ்தாபம் வந்தால், ‘அப்பா பார்த்துவைத்த இடம்’ என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது; ‘கர்த்தர் காட்டிய இடம்’ என்று சொல்ல ஒரு துண்டுச் சீட்டு வேண்டும். தகப்பனுக்கு அந்தப் பயம் நியாயமானதுதான், நானும் பெண் கட்டிக்கொடுத்தவன். ஆனால் அதற்குப் பெயர் இன்சூரன்ஸ். அதைக் கர்த்தரிடம் கேட்கிறீர்கள், அவர் அதை யாருக்கும் கொடுத்ததாகத் தெரியவில்லை. பவுலுக்கு மக்கெதோனியாவுக்கு வரும்படி தரிசனமே கிடைத்தது. கூட இருந்தவர்களும் சேர்ந்து யோசித்து, கர்த்தர்தான் அழைக்கிறார் என்று நிச்சயித்துக்கொண்டு கப்பல் ஏறினார்கள். பிலிப்பி பட்டணத்தில் என்ன கிடைத்தது? முதலில் லீதியாளின் வீடு. அப்புறம் பிரம்படி, சிறைச்சாலை, தொழுமரம். வழி தவறி வந்துவிட்டோமோ, கப்பல் ஏறிய துரோவாவிலேயே இருந்திருக்கலாமோ என்று அங்கே புலம்பல் இல்லை; நடுராத்திரியில் பாடிக்கொண்டிருந்தார்கள்.

‘உன் சுயபுத்தியின்மேல் சாயாமல்’ என்ற வசனத்தை எடுத்துக்கொண்டு வருவீர்கள். சாயாதே என்றுதான் இருக்கிறது. கழற்றி வை என்று இல்லை.

சரி, இப்போது செய்ய வேண்டியது. இன்று ராத்திரியே பெண் வீட்டாருக்குப் போன் போடுங்கள். தாமதத்துக்கு மன்னிப்புக் கேளுங்கள். ‘ஜெபித்துக்கொண்டிருந்தோம்’ என்று மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்ள வேண்டாம். ஒரு மாதமாக அந்தப் பெண் வேலைக்குப் போய்வந்துகொண்டு, உங்கள் பதிலுக்காகப் போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்பது உங்கள் உபவாசத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லையா? விசாரிக்க வேண்டியது மிச்சமிருந்தால் வெளிப்படையாக விசாரியுங்கள்: உடம்பு, கடன், குடிப்பழக்கம், எல்லாவற்றையும், உங்கள் பையனைப் பற்றியும் சேர்த்து. பிள்ளைகள் இரண்டு பேரையும் இன்னொரு தரம் பேசவிடுங்கள். அதன்பின் மனது ஒத்துவந்தால் சபைப் போதகர் ஐயரைப் பார்த்துக் கல்யாண ஓலை வாசிக்கக் கொடுங்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை சபை நடுவே வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்பார்கள். சித்தம் அறிய நம் சபையில் ஏற்கெனவே இருக்கிற ஏற்பாடு அது.

பேத்திக்கு எத்தனை வயது என்று எழுதவில்லை. அவள் எடுத்த முதல் சீட்டைப் பற்றிப் பெண் வீட்டில் யாரிடமும் வாய்திறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.