தேர்ச்சி என்ற ஒரு சொல் போதுமா?

கேள்வி: என் மகளுக்கு டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதில் சிரமம் தரும் கற்றல் குறைபாடு. ஐந்தாம் வகுப்பு. ரிப்போர்ட் கார்டில் ஒவ்வொரு முறையும் 'தேர்ச்சி' என்றே வருகிறது. ஆனால் வாசிக்கச் சொன்னால் திணறுகிறாள். முன்னேறுகிறாளா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: 'தேர்ச்சி' அடுத்த வகுப்புக்குப் போகலாம் என்று சொல்லும், அவ்வளவுதான். என்னிடம் ஒரு கட்டம் போட்ட நோட்டு இருக்கிறது. வாரம் ஒருநாள், ஒரே தரத்தில் புதிதாக ஒரு பத்தி, ஒரு நிமிடம். பிழையில்லாமல் வாசித்த சொற்களை எண்ணி ஒரு புள்ளி வைப்பேன். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி டீனோ குழுவினர் உருவாக்கிய முறை இது. இப்போதைய எண்ணிக்கையிலிருந்து ஆண்டிறுதி இலக்குவரை ஒரு கோடு இழுங்கள். தொடர்ந்து நான்கு புள்ளிகள் கோட்டுக்குக் கீழே விழுந்தால் பாடம் நடத்தும் விதத்தை மாற்ற வேண்டும்.

இதை நானே தாமதமாகத்தான் கற்றேன். ஒரு பையனின் புள்ளிகள் ஏழு வாரம் 31, 32 என்றே நின்றன. 'கவனம் இல்லை' என்று எழுதிவைத்தேன். அப்புறம்தான் உறைத்தது: கூட்டெழுத்துகளை அவனுக்கு நான் தனியாகச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. சொல்லிக்கொடுத்த மூன்றாம் வாரம் 38.

சரி, பள்ளியில் என்ன கேட்பது? தேர்வில் கூடுதல் நேரம் கொடுத்தார்களா, வினாத்தாளை யாராவது வாசித்துக்காட்டினார்களா என்பதை மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே குறிக்கச் சொல்லுங்கள். உதவியோடு 60, உதவியில்லாமல் 40 என்றால் பாடம் புரிகிறது, வாசிப்புதான் தடுக்கிறது. பாதியில் வீட்டுக்கு அனுப்பிய நாள்களையும் கேளுங்கள். வருகைப் பதிவேட்டில் அவை முழுநாளாகவே இருக்கலாம்!