மந்திரத்தை ஆயிரம் தடவை சொன்னால் மனம் சுத்தமாகுமா?

ஆகும் என்பதுதான் என் அனுபவம். நான் வருஷாவருஷம் செய்யும் ஒரு ஜபத்தை வைத்தே சொல்கிறேன்.

நாங்கள் யஜுர்வேதக்காரர்கள். ஆவணி அவிட்டத்தன்று காலையில், பூணூல் மாற்றுவதற்கு முன்னால், காமோகார்ஷீத் ஜபம் உண்டு. ‘காமோகார்ஷீத் மன்யுரகார்ஷீத்’, இரண்டே வார்த்தைதான். 1008 சொல்ல வேண்டும், முடியாதவர்கள் 108. ஆவணியில் தொடங்கும் வேத அத்யயனத்தை, அதாவது வேதப் படிப்பை, தை மாதப் பௌர்ணமியில் நிறுத்தி வைப்பது முறை. அதற்கு உத்ஸர்ஜனம் என்று பெயர். இப்போது பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. அப்படி விட்டுப்போனதற்குத்தான் இந்தப் பிராயச்சித்தம். எதற்காகச் செய்கிறோம் என்று ஆரம்பத்தில் சொல்லும் சங்கல்பத்திலேயே அது வந்துவிடும்.

மந்திரத்தின் அர்த்தம்: ஆசை செய்தது, கோபம் செய்தது.

“பழியை அதுகள் மேல போட்டுட்டு நாம தப்பிச்சுக்கறதா?” என்று காலேஜ் படிக்கும்போது அப்பாவிடம் கேட்டேன். “தப்பிக்கறதுக்கு இல்லடா. எது உன்னைப் பண்ண வெச்சுதுன்னு உன் வாயாலயே சொல்லு” என்றார்.

அது புரிய எனக்குப் பல வருஷம் ஆயிற்று. மண்டபத்தில் எல்லோரோடும் உட்கார்ந்து 108-ஐ அவசரமாக முடித்த வருஷங்களில் ஒன்றுமே நடக்கவில்லை. பாகப்பிரிவினையில் அண்ணாவோடு பேச்சு நின்றுபோன வருஷம், வீட்டிலேயே தனியாக 1008 சொன்னேன். துண்டுக்குள் கையை மறைத்துக்கொண்டு விரல் கணுக்களில் எண்ண வேண்டும். நூறு முடிந்தால் தட்டில் ஒரு கொட்டைப்பாக்கைத் தள்ளி வைப்பேன். முதல் முந்நூறு வரை வாய்தான் சொன்னது, மனசு எங்கேயோ இருந்தது. நாலாவது நூறில், அண்ணாவிடம் நான் சொன்ன ஒரு வார்த்தை ஞாபகம் வந்தது. கோபத்தில் வந்துவிட்டது என்றுதான் அதுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ‘காமோகார்ஷீத்’ என்று திரும்பத் திரும்பச் சொல்லும்போது, அது கோபமே இல்லை, மாடிப் போர்ஷன் எனக்கு வேண்டும் என்ற ஆசை என்று தெரிந்துபோயிற்று. எண்ணிக்கை தவறிவிட்டது. அந்த நூறை மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.

மறுநாள் காயத்ரி ஜபம். அதுவும் 1008. விடியற்காலையிலேயே அண்ணாவுக்குப் போன் செய்து, “உங்காத்துல வந்து ஜபம் பண்ணட்டுமா?” என்று கேட்டேன். “ஸ்நானம் பண்ணிட்டு வா, பலகை போட்டு வைக்கறேன்” என்றார்.