கிறிஸ்தவத்தில் இருள் என்றாலே பாவம்தானா?

"ஒளி கடவுளின் அடையாளம், இருள் பாவத்தின் அடையாளம் என்றால், துக்கத்தில் இருண்டுபோய்க் கிடப்பவரும் பாவத்தில்தான் இருக்கிறாரா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லவே இல்லை. இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு.

நான் கேரளத்து மூணாறு பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவள். தாத்தா காலத்தில் கயத்தாறு பக்கமிருந்து மலையேறி வந்த குடும்பம். கடைவீதியில் மலையாளம், வீட்டிலும் ஆராதனையிலும் தமிழ். மழைக்காலம் வந்தால் கரண்ட் போய்விடும். சில சமயம் இரண்டு மூன்று நாள்கூட வராது. இருட்டு என்றால் எங்களுக்கு முதலில் அந்த இருட்டுதான் ஞாபகம் வரும்.

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர் போய்விட்டார்கள். பெரும்பாலும் நம் தமிழ்த் தொழிலாளர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான். கரண்டும் இல்லை, போனும் இல்லை. விடிந்த பிறகுதான் வெளியே செய்தியே வந்தது. எங்கள் லயத்து அக்கா ஒருவர் தன் சொந்தங்களை அதில் இழந்தார். சில வாரம் கழித்து ஆறுதல் சொல்ல வந்த ஒருவர், "இருளிலேயே உட்காராதே, ஒளிக்கு வா. அழுதுகொண்டே இருப்பது அவிசுவாசம்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அக்கா அதற்கப்புறம் பல மாதம் ஆராதனைக்கு வரவில்லை. அந்த வார்த்தை என்னையும் விடவில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டுதான் வேதாகமத்தைத் திரும்பப் படித்தேன்.

பாவத்தை இருள் என்று சொல்லும் இடங்கள் இருக்கின்றன, மறுக்க முடியாது. யோவான் நற்செய்தி 3ஆம் அதிகாரத்தில், செய்கை பொல்லாததாக இருப்பதால் மனிதர்கள் ஒளியைவிட இருளை விரும்புகிறார்கள் என்று வருகிறது. அது ஒளிந்துகொள்வதற்காக மனிதன் தேடிப்போகிற இருட்டு. அடுத்தவன் கூலியில் கைவைப்பவனுக்கும், கதவைச் சாத்திக்கொண்டு மனைவியை அடிப்பவனுக்கும் அது வேண்டியிருக்கிறது. ஆனால் இயேசு இந்தப் பேச்சைப் பேசுவது யாரிடம் என்று பாருங்கள். ராத்திரியில் தன்னைப் பார்க்க வந்த நிக்கொதேமு என்ற யூதத் தலைவரிடம்! "போய்ப் பகலில் வா" என்று அவரைத் திருப்பி அனுப்பவில்லை. பிறகு 19ஆம் அதிகாரத்தில், இயேசுவை அடக்கம் செய்ய நூறு ராத்தல் அளவுக்கு வெள்ளைப்போளமும் கரியபோளமுமான வாசனைப் பொருட்களைத் தூக்கிக்கொண்டு அதே நிக்கொதேமு வந்து நிற்கிறார்.

நாம் தேடிப்போகாமலே நம்மேல் வந்து விழுகிற இருட்டு வேறு. இருட்டுக்குள்ளே கடவுளும் இருப்பதாக வேதாகமம் சொல்கிறது. ஜனங்கள் பயந்து தூரத்தில் நிற்க, மோசே தேவன் இருந்த கார்மேகத்தை நெருங்கிப் போனார் என்கிறது யாத்திராகமம். காரிருளிலே வாசம்பண்ணுவேன் என்று கர்த்தர் சொன்னதை சாலொமோன் ஆலயப் பிரதிஷ்டையில் நினைவுபடுத்துகிறார். இயேசு சிலுவையில் தொங்கியபோது நடுப்பகலிலிருந்து மூன்று மணிவரை பூமியெங்கும் அந்தகாரம். அதற்குள்ளிருந்துதான் "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கதறினார். அதை அவிசுவாசம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

எனக்கு மிகவும் பிடித்த இடம் யோவான் 20. இயேசுவின் சீஷியான மகதலேனா மரியாள் அவருடைய கல்லறைக்கு வந்தது "இருட்டோடே" என்று எழுதியிருக்கிறது. வந்து பார்த்தால் கல்லறையை மூடியிருந்த கல் ஏற்கெனவே எடுபட்டிருந்தது. அப்படியென்றால் வெளிச்சம் வருவதற்கு முன்பே, ஒருவரும் பார்க்காதபோது, இயேசு உயிர்த்தெழுந்தது நடந்து முடிந்துவிட்டது.

கத்தோலிக்க மரபில் சிலுவையின் புனித யோவானையும் சொல்ல வேண்டும். ஸ்பெயின்காரர். 1577 கடைசியில் அவருடைய சபைத் துறவிகளே அவரைத் தொலேதோவில் ஓர் இருட்டறையில் அடைத்தார்கள். ஏறக்குறைய ஒன்பது மாதம். அப்படிப்பட்டவர் தம் கவிதையில் இரவைத் திட்டவில்லை, தனக்கு வழிகாட்டிய இரவு என்று பாடுகிறார்.

சரி, அப்படியானால் ஒளி எதற்கு? பனிமூட்டத்தில் டார்ச்சை நேராக அடித்தால் முன்னால் வெள்ளைச் சுவர் மாதிரிதான் தெரியும். காலடிக்குத் தாழ்த்திப் பிடிக்க வேண்டும், அப்போதுதான் அடுத்த எட்டு வைக்க முடியும். அப்பா எனக்குச் சின்ன வயதில் சொல்லித்தந்தது இது. சங்கீதம் 119இல் "என் கால்களுக்குத் தீபம்" என்று வருவதை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். அந்தக் காலத்து விளக்கு, ஒலிவ எண்ணெய் ஊற்றிய, கைக்குள் அடங்கும் மண்விளக்குதானே. ஆறுதல் சொல்லப் போகிறவர்களும் வெளிச்சத்தை முகத்தில் அடிக்காமல் இருந்தால் போதும்.

2021 ஏப்ரல் 4, ஈஸ்டர் அதிகாலை ஆராதனைக்கு அந்த அக்கா வந்தார். காற்றில் அவர் மெழுகுவர்த்தி இரண்டு முறை அணைந்தது. மூன்றாவது முறை அவர் ஏற்றவில்லை, அப்படியே கையில் வைத்திருந்தார். யோவான் 20 வாசித்து முடித்ததும் என் பக்கம் குனிந்து, "விடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சிட்டாராடி?" என்று கேட்டார்.

"ஆமாக்கா. இருட்டுலயே."