பஞ்சு தெரியும் முயல்

கேள்வி: என் தங்கையின் ஒரு வயதுக் குழந்தைக்குக் குரோஷா ஊசியால் முயல் பொம்மை பின்னினேன். துளைகளின் வழியே பஞ்சு தெரிகிறது, தலையும் சாய்கிறது. கண்களுக்குக் கறுப்பு மணிகள் தைக்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: ஜப்பானியர் அமிகுருமி என்றழைக்கும் இவ்வகைப் பொம்மைகளுக்கு, மேசை விரிப்பு பின்னுவதைவிட மிக நெருக்கமான பின்னல் தேவை. நூல்கண்டின் உறையில் 4 மி.மீ. ஊசி என்று அச்சிட்டிருந்தால், நீங்கள் 3 அல்லது 2.5 மி.மீ. ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள், முதலில் விரல் வலிக்கத்தான் செய்யும். பெரும்பாலான துளைகள், பின்னல் வளையங்களான கண்ணிகளைக் குறைக்கும் இடத்தில்தான் விழுகின்றன என்பதால், அங்கே இரண்டு கண்ணிகளின் முன் இழைகளை மட்டும் ஊசியில் கோத்து, ஒரே கண்ணியாக இழுத்து முடியுங்கள். 6 கண்ணிகளில் தொடங்கி 12, 18, 24 என வளரும் சுற்றுகளில், கூட்டும் இடங்கள் வரிசையாக அமைந்தால் தலை அறுகோணமாகத் தெரியும்; அவற்றைச் சுற்றுக்குச் சுற்று சற்றே நகர்த்துங்கள்.

தலை சாய்வதற்குக் காரணம் பெரும்பாலும் ஒடுங்கிய, பஞ்சு குறைந்த கழுத்துதான். கழுத்தை அகலமாக விட்டு, பென்சிலின் மழுங்கிய முனையால் பஞ்சைச் சிறிது சிறிதாக அழுத்தித் திணித்தபின் தலையைத் தையுங்கள். இலவம் பஞ்சு நனைந்தால் கட்டிதட்டும். துவைக்க வேண்டிய பொம்மைக்குப் பாலியெஸ்டர் பஞ்சே ஏற்றது.

மணிகள் வேண்டவே வேண்டாம். அந்த வயதில் எதுவும் வாய்க்குத்தான் போகும். கறுப்பு நூலால் கண்களைத் தைத்துவிடுங்கள்.