திரை பச்சையானால் போதுமா?

வணக்கம் சார்,

இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். பதினொரு வருடமாக ஓபன்ஃபோம் என்ற மென்பொருளை வைத்துக் காற்று, நீர் ஓட்டங்களைச் சிமுலேஷன் செய்வதுதான் என் பிழைப்பு. இங்கே ஆராய்ச்சி மென்பொருளைப் பேண உதவும் சாஃப்ட்வேர் சஸ்டெய்னபிலிட்டி இன்ஸ்டிட்யூட் என்று ஒரு அமைப்பு ஃபெல்லோஷிப் தருகிறது. விண்ணப்பிக்கச் சொல்லி எங்கள் குழுத் தலைவர் வற்புறுத்துகிறார். எனக்குத் தயக்கமாக இருக்கிறது. அந்த மென்பொருளில் நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. மற்றவர்கள் எழுதியதை ஓட்டிப் பார்க்கிறவன். சொதப்பிய ரன்களை ஒரு நோட்டில் குறித்து வைக்கும் பழக்கம் உண்டு, அவ்வளவுதான். மேடையேறிப் பேசும் அளவுக்கு ஆங்கிலமும் வராது. போதாக்குறைக்கு ஏஐ வந்து இந்த வேலையையே விழுங்கிவிடும் என்கிறார்கள். நான் விண்ணப்பிக்கலாமா? நீங்கள் ரசாயன ஆலை வடிவமைப்பில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

க.

அன்புள்ள க.,

ஆங்கிலத்தை விடுங்கள். அந்த ஊரில் வீட்டுக்காரரிடம் பேசி வாடகைக்கு வீடு பிடிக்கும் அளவு வந்தால் இதற்கும் போதும். ஏஐ விழுங்குமா துப்புமா என்று எனக்குத் தெரியாது, அதைப் பற்றிப் பேச ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், சொதப்பிய ரன்களைக் குறித்து வைப்பேன், அவ்வளவுதான் என்று. கொஞ்ச நாளாக என் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது அதுதான். உங்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

தொண்ணூறுகளில் சென்னையில் ஒரு டிசைன் ஆபீஸில் இருந்தேன். எங்கள் செக்‌ஷனில் ஒரு பெரியவர். சாராய ஆலையில் ஷிஃப்ட் பார்த்து, சாராயம் வடிக்கும் வாலைக்கு அடியில் நின்று வேர்த்து, அப்புறம் டிசைனுக்கு வந்தவர். ப்ரோக்ராம் எழுதத் தெரியாது. ஒருநாள் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், எத்தனாலையும் தண்ணீரையும் பிரிக்கும் வாலைக் கோபுரத்தைக் கணினியில் ஓட்டி பிரிண்ட் அவுட்டைக் கொண்டுவந்தான். மேலே வருகிற எத்தனால் 99 சதவீதத்துக்கும் மேல். ரன் கன்வர்ஜ் ஆகியிருக்கிறது (கணக்கு ஒரு விடையில் வந்து நின்று திரை பச்சை காட்டுவது), மாஸ் பேலன்ஸ் சரி, ஹீட் பேலன்ஸ் சரி. பெரியவர் தாளை முழுதாகக்கூடப் பார்க்கவில்லை. “அப்படின்னா ஊரெல்லாம் எதுக்குப்பா பென்சீன் ஊத்திக்கிட்டு இருக்கான்?” என்றார்.

பையனுக்குப் புரியவில்லை. மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். சாதாரணக் காற்றழுத்தத்தில் எத்தனாலும் தண்ணீரும் எடையில் 95.6 சதவீதத்துக்கு வந்ததும் ஒன்றாகவே கொதிக்க ஆரம்பித்துவிடும், 78.2 டிகிரியில். அதற்குமேல் கோபுரத்துக்குள் எத்தனை தட்டு வைத்தாலும், மேலே வந்ததை ரிஃப்ளக்ஸ் என்று எவ்வளவு திருப்பி உள்ளே விட்டாலும் வெறும் வாலையில் பிரியாது. அதனால்தான் அன்று பென்சீன் சேர்த்துப் பிரித்தார்கள், பிற்பாடு தண்ணீரை மட்டும் உறிஞ்சிக்கொள்ளும் மாலிக்யுலர் சீவ் வந்தது. அந்தப் பையன், கலவை எப்படி நடந்துகொள்ளும் என்று கணிக்கும் ப்ராப்பர்ட்டி பேக்கேஜை ஐடியல் என்று விட்டிருந்தான். ஐடியல் என்றால் ரவுல்ட் விதி. பக்கத்தில் இருப்பது எத்தனாலா தண்ணீரா என்று மூலக்கூறுகள் கண்டுகொள்ளாது என்று அர்த்தம். என்ஆர்டிஎல் போட்டிருந்தால் அந்த 95.6 தானாக வந்து இடித்திருக்கும். ரெனோனும் ப்ராஸ்னிட்ஸும் 1968இல் கொடுத்த சமன்பாடு அது, மெனுவில் பக்கத்து வரியிலேயே இருந்தது.

மென்பொருள் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொன்னது. எத்தனால் என்று பெயர் வைத்த, உலகத்தில் எங்கும் இல்லாத ஒரு திரவத்தைப் பற்றி இவன் கேட்டுவிட்டான். அதைக் கண்டுபிடிக்க சோர்ஸ் கோட் படித்திருக்க வேண்டியதில்லை. ஆலையில் நின்றிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பத்து வருடம் ரன்களைப் போட்டு ஏமாந்திருக்க வேண்டும்.

பெரியவரிடம் ஒரு டைரி இருந்தது. எந்தக் கலவைக்கு எந்த பேக்கேஜ் காலை வாரும், எந்த அழுத்தத்துக்கு மேல் நம்பக் கூடாது என்பதெல்லாம் பென்சிலில் எழுதியிருப்பார். ரிட்டையர் ஆன அன்று சால்வை போட்டு, பை நிறைய ஆப்பிள் கொடுத்து அனுப்பினார்கள். டைரியைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அடுத்து வந்த பையன்கள் அதே 99ஐ மறுபடி கொண்டுவந்தார்கள், திட்டத்தான் ஆள் இல்லை.

இந்த மாதிரித் தப்பு காகிதத்தோடு போனால் பரவாயில்லை. நார்வேயில் ஸ்லைப்னர் ஏ என்ற எரிவாயு மேடைக்கான கான்கிரீட் அடித்தளத்தை, ஸ்டாவாங்கர் பக்கத்துக் கடற்கழியில், தண்ணீர் நிரப்பி மெல்ல இறக்கிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். 1991 ஆகஸ்ட் 23. ஒரு சுவர் பிளந்தது. பம்புகளால் ஈடுகொடுக்க முடியாமல் மொத்தமும் மூழ்கி அடியில் மோதி நொறுங்கியது, நிலநடுக்கக் கருவியில் 3.0 என்று பதிவாகும் அளவுக்கு. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. பண நஷ்டம் சுமார் 70 கோடி டாலர். கணக்குப் போட்டது நாஸ்ட்ரன், அன்றைக்கே பேர்பெற்ற மென்பொருள். அதில் குற்றமில்லை. சுவர்கள் கூடும் முக்கோண இடுக்கில் மெஷ்ஷை, அதாவது கணக்குக்காகப் பொருளைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கும் வலையை, சரியாகப் போடவில்லை. சுவரை அறுக்கப் பார்க்கும் வெட்டுத் தகைவு 47 சதவீதம் குறைவாக வந்தது, அதை நம்பிச் சுவரை மெலிதாக்கிவிட்டார்கள், கம்பியும் பற்றவில்லை. பிறகு ஒழுங்காக மெஷ் போட்டுப் பார்த்தபோது 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று வந்தது. நிஜத்தில் உடைந்தது 65 மீட்டரில். அதே முறை, அதே கணிதம். அந்த இடுக்கைப் பார்த்ததும் மூக்கு வேர்க்கிற ஒரு பழைய ஆள் அந்த அறையில் இல்லை, அல்லது இருந்தும் கேட்கப்படவில்லை என்றுதான் நான் நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது உங்களைத் திட்ட வேண்டும். கோட் எழுதாதவன் என்று கூச்சப்படுகிறீர்களே, உங்கள் துறையில் வெளிவரும் கட்டுரைகளை நீங்களே புரட்டிப் பாருங்கள். எல்லாம் ஜெயித்த ரன்கள். டர்புலன்ஸை, அதாவது கொந்தளிக்கும் ஓட்டத்தை, கணிக்கும் கே-எப்சிலான் மாடலை நம்பி, ஒரு படியைத் தாண்டி விழும் நீர் எங்கே திரும்பத் தரையில் ஒட்டும் என்று கணக்கிட்டால் சோதனையைவிடக் குறைவான தூரம் வரும் என்பது உங்களுக்கு மனப்பாடம். நேற்றுச் சேர்ந்த மாணவிக்கு யார் சொல்வது? அவள் மெஷ்ஷைச் சோதிக்கும் செக்மெஷ் ஓட்டுவாள், மெஷ் ஓகே என்று வரும், ரெசிடுவல் என்ற மிச்சப் பிழை அழகாக இறங்கும், வண்ணப்படம் போட்டுத் தீஸிஸில் ஒட்டிவிடுவாள். நீங்கள் நோட்டை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டு அடக்கத்தைப் பற்றி எனக்குக் கடிதம் எழுதுவீர்கள். இது அடக்கம் இல்லை ஐயா, கஞ்சத்தனம். தோற்ற ரன்னைக் காட்டினால் நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்ற பயமும் கொஞ்சம் கலந்திருக்கிறது. தெரியும், நானும் அதே ஊர்க்காரன்தான்.

கோட் எழுதுகிறவர்களுக்கும் மரியாதை சும்மா வந்துவிடவில்லை. ஃபெர்மி, பாஸ்தா, உலாம் என்ற மூன்று விஞ்ஞானிகளும் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் மேனியாக் கணினியில் செய்த பிரசித்தமான சிமுலேஷனுக்கு ப்ரோக்ராம் எழுதி ஓட்டியவர் மேரி ட்சிங்கு. 1955 அறிக்கையில் அவருக்குக் கிடைத்தது அடிக்குறிப்பில் ஒரு நன்றி. அவர் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று தோக்ஸ்வா என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் எழுதியது 2008இல். நீங்கள் சொல்லும் அமைப்பு 2012இல் நடத்திய கூட்டத்தில்தான் ஆராய்ச்சி மென்பொருள் பொறியாளர் என்ற பெயரே பிறந்தது. இன்று பல பல்கலைக்கழகங்களில் அது ஒரு பதவி. ஓட்டிப் பார்த்துப் பார்த்தே பழுத்தவர்களுக்கு இன்னும் பெயரும் இல்லை, பதவியும் இல்லை.

விண்ணப்பிக்கலாமா என்று கேட்டீர்கள், மறந்தே போனேன். தாராளமாக. ஃபெல்லோவாக இருக்க கோட் எழுதியிருக்க வேண்டும் என்று அவர்கள் எங்கும் கேட்பதில்லை. தன் துறைக்குள் நல்ல பழக்கங்களைப் பரப்புகிறவர்களைத்தான் தேடுகிறார்கள். தொகையும் சம்பளம் அல்ல. 3000, 4000 பவுண்டு அளவில், பயணத்துக்கும் பட்டறைக்கும் ஆகிற பணம். அதை வைத்து மாநாடு மாநாடாகச் சுற்றாதீர்கள். இரண்டு நாள் ஒரு அறையை வாடகைக்கு எடுங்கள். கன்வர்ஜ் ஆகியும் தப்பாக வந்த ரன் ஒன்றைக் கையில் கொண்டுவராதவருக்கு அனுமதி கிடையாது என்று போடுங்கள். வந்ததையெல்லாம், ரன்னை மறுபடி ஓட்டத் தேவையான கேஸ் ஃபைலோடு பொதுவில் வையுங்கள். திட்டம் என்று எழுத இதற்குமேல் ஒன்றும் வேண்டியதில்லை.

வரைவை எனக்கு அனுப்புங்கள். முதல் பத்தியிலேயே எத்தனை ஆயிரம் ப்ராசஸர் கோரில் ஓட்டினேன் என்று பீற்றியிருந்தால் படிக்காமல் திருப்பிவிடுவேன். கூடவே அந்த நோட்டில் நாலைந்து பக்கத்தை போட்டோ எடுத்துப் போடுங்கள். டர்புலன்ஸ் எனக்குப் பாதிதான் புரியும், புரியாததைக் கேட்டு எழுதுகிறேன்.

அன்புடன்.