புதுத் தொழில்நுட்பத்தின் அறவியலை ஆராயும் தத்துவப் பேராசிரியர் அப்படி என்னதான் செய்கிறார்?
தீர்ப்புச் சொல்கிற வேலை இல்லைங்க. மதுரை மாட்டுத்தாவணிப் பக்கம் மல்லிகை விற்கும் ஒரு அம்மா கூடையில் க்யூஆர் அட்டை மாட்டியிருக்கிறார், பணம் போவதோ மகன் கணக்குக்கு, முழம் அளந்து கொடுத்துவிட்டு "வந்துருச்சாப்பா?" என்று நம்மிடமே கேட்கிறார். நமக்கு வசதிதான், அவர் சுருக்குப்பையின் அதிகாரம் எங்கே போச்சு? இப்படிக் கேட்பதுதான் இவர்கள் பிழைப்பு. 1980-லேயே டேவிட் காலிங்ரிட்ஜ் என்ற பிரிட்டன் ஆய்வாளர் ஒரு சிக்கலைச் சொன்னார்: தொழில்நுட்பம் புதிதாக இருக்கும்போது மாற்றுவது சுலபம், ஆனால் விளைவு தெரியாது, விளைவு தெரிவதற்குள் அது ஊரெல்லாம் வேரோடிவிடும், அப்புறம் பிடுங்குவது பெரும்பாடு. அதனால்தான் இவர்களில் சிலர் ஆரம்பத்திலேயே பொறியாளர்கள் பக்கத்தில் உட்கார்ந்து நச்சரிக்கிறார்கள். யார் காதில் வாங்குகிறார்கள் என்பது வேறு கதை.